அஞ்சு டன் கூட்டாளியும் மூன்று ஆடுகளும்

அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருத்தரும் 'நான் அங்கே இல்லையே' என்று நழுவக் கூடாது. நான் இருந்தேன். உன் பெண்டாட்டி ராஜேஸ்வரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உன் மகள் தர்ஷினி, அவள் மடியில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். உன் அப்பாவோடு கூடப்பிறந்த காளியம்மா அத்தை இருந்தாள். என் இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, தட்டு இல்லாமல் வந்திருந்தாள். வீட்டில் இருக்கிற ஒரே கைவைத்த நாற்காலியில் உன் மாமனார் சண்முகையா உட்கார்ந்திருந்தார். சொம்பில் சாய்த்து வைத்த செல்போனுக்குள் நீ இருந்தாய். உனக்குப் பின்னால், தண்ணீருக்குள், அது இருந்தது.

பெற்ற மகனுக்குத் தாய் எழுதுகிற கடிதத்தை ஊரே ஏன் படிக்க வேண்டும் என்று நீ கோபப்படுவாய். ஒருத்திக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அது யார் என்று பின்னால் சொல்கிறேன். நான் அஞ்சாம் வகுப்பு முடிக்காதவள். போன வருஷத்து நாள்காட்டித் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதித் தருகிறேன்; ராஜேஸ்வரி அதைத் திருத்தி, செல்போனில் அடித்து, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அனுப்புகிறாள். எழுத்துப் பிழையைத் திருத்தலாம், அவள் அப்பாவைப் பற்றி வருகிற இடத்தில் மட்டும் ஒரு சொல்லையும் குறைக்கக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். "கூட்டிக்கிடலாமா அத்தே?" என்று கேட்டாள். நல்ல பெண்ணைத்தான் கட்டியிருக்கிறாய்.

குளிக்கத் தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசை போட்ட ஊரில் பிறந்தவன் நீ. தூத்துக்குடிக்குப் போய் மீன் படிப்புப் படிக்கப்போகிறேன் என்றபோதே எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கடல் தாண்டிப் போனாய். என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் 'மீன் கம்பெனி' என்றேன். உன் மாமனார் 'கடல்துறை அதிகாரி' என்றார். அன்றைக்குத்தான் உண்மையான வேலையைக் கண்ணால் பார்த்தோம். கையில் ஒரு வாளி மீனும் வாயில் விசிலுமாக நீ குளத்தின் கரையில் நிற்கிறாய். விசில் ஊதியதும், கறுப்பும் வெள்ளையுமாக ஒன்று தண்ணீரைப் பிளந்துகொண்டு எழுந்தது. காளியம்மா கையில் இருந்த காப்பி அவள் சேலையில் கொட்டியது. அதற்குப் பேர் கோகோ என்றாய். அம்புட்டுப் பெரிய மிருகத்துக்குச் சாக்லேட்டுப் பேரு.

"ஏலே, இது என்ன மீனு? வஞ்சிரத்துக்கு அண்ணனா?" என்றாள் காளியம்மா.

"மீனே இல்ல அத்தை. குட்டி போடும், பால் குடுக்கும். மூச்சு விட மேல வரும்."

"அப்ப திமிங்கிலமா?"

"அப்படித்தான் சொல்லுவாக. இங்கிலீஷ்ல கொலைகாரத் திமிங்கிலம்னே பேரு. ஆனா அந்தப் பேரை இங்கன சொல்லக் கூடாது, மேனேஜர் வைவாரு. ஓர்கான்னுதான் சொல்லணும். உண்மையில இது திமிங்கிலம் இல்ல, டால்பின் குடும்பம்."

டால்பின் என்ற சொல் காதில் விழுந்ததும் உன் மாமனார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "டால்பினா! அட, அது பந்து விளையாடுமே மாப்ள. பிள்ளைக பென்சில் டப்பாவுல கூடப் படம் போட்டிருக்கான்."

"குடும்பம் கெடக்கட்டும். பல்லு எத்தனை?" என்று நான் கேட்டேன்.

"நாப்பது, அம்பது இருக்கும்மா."

"எடை?"

"அஞ்சு டன்னு."

"ஆத்தாடி, ஒரு லாரி லோடு!" என்றாள் காளியம்மா. "இது எந்தப் பென்சில் டப்பாவுல ஏறும், அண்ணாச்சி?"

அப்போது தர்ஷினி கேட்டாளே ஒரு கேள்வி, "அப்பா, கோகோவோட அம்மா எங்க?" என்று. நீ தலையைச் சொறிந்தாய். அது வேறு ஊரில் இருக்கிறது என்றாய். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பாய். படித்ததைச் சொல்லாமல் உனக்கு இருக்க முடியாது. கடலில் இந்த இனத்தில் சில கூட்டங்களில் ஆண்பிள்ளைகூட எவ்வளவு வளர்ந்தாலும் ஆத்தாளை விட்டுப் போகாது, கடைசிவரை அவள் பக்கத்திலேயே நீந்தும், இரை கிடைத்தால் ஆத்தாள் பாதியைப் பிய்த்து மகனுக்குக் கொடுப்பாள் என்று விளக்கினாய். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். நீ கோகோவைப் பார்த்தாய். வருஷத்துக்கு ஒரு தடவை பத்து நாள் லீவில் வருகிறவன் பேசுகிற பேச்சா இது?

அதற்குப் பிறகுதான் ஒரு தாளைப் பற்றிச் சொன்னாய். நீ அங்கே சேர்வதற்கு முன்னால், வேறு ஏதோ ஒரு ஊர்க் குளத்தில், வருஷக்கணக்காகப் பழகிய மிருகமே பயிற்சி கொடுக்கிறவரைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். அதிலிருந்து உங்கள் இடத்திலும் யாரும் தண்ணீருக்குள் இறங்கக் கூடாது, கரையில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுதான் வேலை என்று விதி. கோகோ 'ஆபத்தான விலங்கு' என்ற பட்டியலில் இருந்ததால் அந்த விதி. இப்போது புது மேனேஜர் அதை அந்தப் பட்டியலில் இருந்து எடுத்து, 'பயிற்சிக் கூட்டாளி' என்ற பட்டியலில் சேர்த்துவிட்டாராம். கூட்டாளிக்கும் கூட்டாளிக்கும் நடுவில் தடுப்பு எதற்கு? ஆகவே இறங்கலாம். இறங்கச் சம்மதம் என்று வருகிற வெள்ளிக்கிழமைக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டும். "கோகோ போட்டிருச்சா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

உன் மாமனார் செல்போன் பக்கம் குனிந்தார். "ஒரு கையெழுத்துதான மாப்ள. பெரிய எடத்துல சொல்றாகன்னா யோசிச்சுத்தான் சொல்லுவாக. போட்டு விடுங்க."

"பேரை மாத்துனா பல்லு விழுந்துருமா?" என்று நான் கத்தினேன். "நெட்டு சரியில்லம்மா" என்று சொல்லி நீ வைத்துவிட்டாய். நெட்டு நன்றாகத்தான் இருந்தது.

ஏன் அப்படிக் கத்தினேன் என்று உனக்குத் தெரியாது. உன் மாமனார் சொன்ன அந்தச் சொல்லை, அதே வாயிலிருந்து, அதே இழுவையோடு, நான் ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அவர் போர்மேனாக இருந்த பட்டாசுக் கம்பெனியில்தான் நான் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன் என்பது உனக்குத் தெரியும். நீ அவர் மகளைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது, பெண்ணைப் பார்த்தேன், சரி என்றேன். அப்பனைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். மீதியை உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

மருந்தறை என்பது குழாய்க்குள் வெடிமருந்து திணிக்கிற அறை. ஒரு அறைக்கு நாலு பேர்தான் இருக்கலாம், நாலு பக்கமும் வாசல் இருக்க வேண்டும், வாசல் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். இதெல்லாம் கம்பெனிச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. தீபாவளி சீசனில் ஆர்டர் குவிந்ததும் எழுத்து அப்படியே இருக்கும், ஆள் மட்டும் ஏழாகும், எட்டாகும். சோதனைக்கு ஆபீசர் வந்தால் என்ன செய்வது? அதற்குச் சண்முகையா ஒரு வழி கண்டுபிடித்தார். கம்பெனி வளாகத்தில் மூன்று ஆடுகளை வாங்கிக் கட்டினார். வாசலில் ஜீப் சத்தம் கேட்டதும் காவல்காரர் "ஆடு அவுந்துருச்சு!" என்று கூவுவார். நாலு பேருக்கு மேல் இருக்கிறவர்கள் பின்வாசல் வழியாக ஓடிப்போய் ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் கம்பெனி ஆள் இல்லை, ஆடு மேய்க்கிறவர்கள்.

ஒரு தடவை எல்லா அறையிலும் ஆள் அதிகம். பதினோரு பேர் மூன்று ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஆபீசர் அங்கேயே வந்துவிட்டார். "என்னய்யா, ஒரு ஆட்டுக்கு நாலு பேரா?" என்று கேட்டார். சண்முகையா கொஞ்சமும் யோசிக்காமல், "கொஞ்சம் முரட்டு ஆடு சார்" என்றார். அந்த ஆடு அந்த நேரம் பார்த்து என் சேலைத் தலைப்பைத் தின்றுகொண்டு சாதுவாக நின்றது. ஆபீசர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். அலுமினியத் தூள் அப்பி நெற்றி முதல் தாடைவரை வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்தேன். "ஆடு மேய்க்கிற பொம்பள மூஞ்சி ஏன் இப்படி மினுக்குது?" என்றார். நான்தான் சொன்னேன், "பவுடர் சார். சாயங்காலம் கோயிலுக்குப் போறேன்." பக்கத்தில் கயிற்றைப் பிடித்து நின்ற பேச்சியம்மா சிரிப்பை அடக்க முடியாமல் ஆட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு ஆட்டு முடி பட்டாலே தும்மல் வரும். சிரிப்பும் தும்மலுமாக அவள் பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லி அந்த வருஷம் முழுக்கச் சிரித்தோம். அதுதான் நான் செய்த முதல் தப்பு. சிரித்தேன்.

அடுத்த சீசனில் ஒரு நாள் காலையில் எங்கள் அறையில் நெருப்புப் பிடித்தது. நான் நிரப்பின குழாய்களைத் தட்டில் எடுத்துக்கொண்டு வெயிலில் வைக்கப் போயிருந்தேன். உள்ளே அஞ்சு பேர். ஆளுக்கு ஒரு வாசல் பக்கமாக நாலு பேர் குதித்துவிட்டார்கள். பேச்சியம்மா அஞ்சாவது ஆள், நடுவில் உட்கார்ந்திருந்தவள். நாலு பேருக்கு நாலு வாசல் வைத்த அறையில் அஞ்சாவது ஆளுக்கு எந்த வாசல்? முந்தினவர்கள் வெளியேறும்வரை காத்திருந்தாள். உயிர் பிழைத்தாள். வலது கை விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன.

விசாரணைக்கு வந்தவர்கள், அறையில் எத்தனை பேர் என்று கேட்டார்கள். நாலு பேர் என்றார் சண்முகையா. அப்படியானால் காயம்பட்ட பெண் யார் என்றார்கள். "ஆடு மேய்க்கிறவ சார். ஆட்டைத் தேடி உள்ள வந்துட்டா" என்றார். அப்படியா என்று என்னைக் கேட்டார்கள். கம்பெனி வாசலில் முப்பது பேர் நிற்கிறார்கள், அத்தனை பேர் முன்னாலும் நான் சொன்னேன், "ஆமா, ஆடு மேய்க்கிறவ." ஒரு தாளை நீட்டினார்கள். என் கை நின்றுவிட்டது. சண்முகையா பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒரு கையெழுத்துதான தாயி. போட்டு விடு." போட்டேன். தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டியது எதுவும் பேச்சியம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அப்போது உனக்கு ஏழு வயது. உனக்காகத்தான் போட்டேன் என்று எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும். எழுத மாட்டேன். பயந்தவள் நான்தான்.

அதிலிருந்து பேச்சியம்மா என்னை எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான் கேட்பாள்: "ஆடு சொகமா?" ரேஷன் கடையில் கேட்பாள், பஸ்ஸில் கேட்பாள், கோயில் பொங்கலில் பானைக்குப் பக்கத்தில் வந்து கேட்பாள். உன் கல்யாணத்துக்கும் வந்தாள். மேடையில் சண்முகையாவும் நானும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஓ, சம்மந்தமே ஆயிருச்சா? அப்ப ஆடு இனி ரெண்டு வீட்டுக்கும் பொதுவா?" என்று கேட்டு, ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வரவில்லை. நான் யாரையும் லேசில் மறக்கிறவள் இல்லை. மறக்காத இன்னொருத்தியைக் கண்டால் எனக்கு மரியாதைதான்.

நீ செல்போனை வைத்த மறுநாள் நான் பஸ் ஏறி, சூலக்கரையில் மகள் வீட்டில் இருக்கிற பேச்சியம்மாவைத் தேடிப் போனேன். கையில் அரைக் கிலோ சேவு. கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆடு சொகமா?"

"செத்துப்போச்சு" என்றேன். இத்தனை வருஷத்தில் அன்றுதான் அவளுக்குப் பதில் சொன்னேன்.

"எப்ப?"

"நேத்து."

என் கையில் இருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "சரி, உள்ள வா. சேவு காரமா, இனிப்பா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கோகோ, அஞ்சு டன், பட்டியல், கூட்டாளி, வெள்ளிக்கிழமை. அவள் சேவைத் தின்றுகொண்டே கேட்டாள். இடது கையால்தான் தின்றாள். நான் முடித்ததும், "ரெண்டே கேள்விதான். குளத்துக்குள்ள ஒத்தையா மாட்டிக்கிட்டா ஏறி வர எத்தனை எடத்துல வழி இருக்கு? உன் மகன் உள்ள எறங்கும்போது அந்த மேனேஜர் எங்கன நிப்பாரு? இதைக் கேக்கச் சொல்லு" என்றாள். நீயே அவனிடம் செல்போனில் பேசு என்று கெஞ்சினேன். "நான் எதுக்குப் பேசணும்? நீதான கையெழுத்துப் போட்டவ, நீ எழுது. ஆனா ஒண்ணு. என்னைய ஆடு மேய்க்கிறவன்னு கூட்டத்துல சொன்ன. அதைக் கூட்டத்துலதான் மாத்தணும். மகன் காதுல மட்டும் ஓதிட்டுப் போயிறாத. எல்லாரும் படிக்கணும்."

ஆகவே எல்லாரும் படிக்க எழுதுகிறேன். பேச்சியம்மா ஆடு மேய்த்தவள் இல்லை. பதினோரு வருஷம் அந்தக் கம்பெனியில் மருந்தறையில், என் கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். அன்றைக்கு அந்த அறையில் அஞ்சு பேர் இருந்தார்கள். நான் சொன்னது பொய். போட்டது பொய்க் கையெழுத்து.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, உன் மாமனார் வழக்கம்போல மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். இதுவரை எழுதியதை ராஜேஸ்வரி அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள். நாற்காலியில் அசையாமல் கேட்டார். "அன்னைக்கு எல்லாக் கம்பெனியிலயும் அப்படித்தான். நானா ஆர்டர் பிடிச்சேன்?" என்றார்.

"அப்பா, நீங்க ஒரு நாளாவது அந்த மருந்தறைக்குள்ள உக்காந்து வேலை பாத்திருக்கீகளா?" என்று ராஜேஸ்வரி கேட்டாள்.

"போர்மேனுக்கு உள்ள என்னம்மா வேலை? வாசல்ல வேப்பமரத்தடியில நாற்காலி போட்டிருந்தாகளே" என்றவர், தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்திவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மோர் இருக்கா சம்மந்தி?" என்றார். கொடுத்தேன். குடித்தார். செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "பழசைப் பேசி என்ன ஆகப்போகுது? மாப்ளய யோசிக்காமக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நல்ல எடம், விட்டுறக் கூடாது" என்றார்.

நீ கேட்க மாட்டாய் என்று தெரிந்தும் சொல்கிறேன். மருந்து யார்மேலும் கோபப்பட்டு வெடிப்பதில்லை, அதன் குணம் அது. கோகோவும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மதுரைக்குப் போய்த் திரும்புகிற தூரத்தை ஒரே நாளில் நீந்தும் என்றாய். குளம் எவ்வளவு பெரிது என்றதற்கு, விருதுநகர் தெப்பக்குளத்தைவிடச் சின்னது என்றாய். அஞ்சு டன் உடம்பை ஒரு தொட்டிக்குள் வைத்து, ஆத்தாளைப் பிரித்து, விசில் ஊதினால் குதி என்கிறார்கள். குதிக்கிறது. இத்தனை நாள் குதித்ததற்கு அதற்கு நல்ல பேர் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு நாள் அதற்கு மனசு சரியில்லாமல் போகலாம், விளையாட்டாகவே உன் காலைப் பிடித்துக்கொண்டு அடியில் போகலாம். அது மூச்சு விட மேலே வர எத்தனை நிமிஷம் ஆகும், உனக்கு எத்தனை நிமிஷம் தாங்கும் என்று நீதான் படித்தவன், கணக்குப் போட்டுப் பார். மீன் என்று சொல், திமிங்கிலம் என்று சொல், டால்பினுக்குச் சித்தப்பா என்று சொல், எனக்கு ஒன்றுதான். எழுதுகிற ஆள் கரையில் உட்கார்ந்து எழுதினால் அந்தப் பட்டியலை நம்பாதே. பேச்சியம்மாவின் இரண்டு கேள்வியையும் உன் மேனேஜரிடம் கேள், எல்லாருக்கும் முன்னால் கேள். கூட வேலை பார்க்கிறவர்களிடமும் சொல், தனியாக நின்றால் உன்னைத்தான் முரட்டு ஆடு என்பார்கள். கரையில் நின்று மீன் போடு, காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள், அதற்கு வாலில் வலி என்றால் மருந்து தடவு. தண்ணீருக்குள் இறங்காதே. அந்த வேலை போய்விடும் என்றால் போகட்டும், வந்துவிடு. கடலில் கோகோவின் இனத்துக்குத் தெரிந்தது உனக்கும் தெரியட்டும், ஆத்தாள் பக்கத்தில் இருந்தால் பாதி இரை நிச்சயம். ராஜேஸ்வரி இந்த இடத்தில் அடிப்பதை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்துகிறாள். பூண்டு என்கிறாள். இன்றைக்குப் பூண்டே உரிக்கவில்லை.

எனக்கு யார்மேல் கோபம் என்று கேட்பாய். உன் மேனேஜரை எனக்குத் தெரியாது, முகம் தெரியாதவர்களைத் திட்டிப் பழக்கமில்லை. கோகோமேல் இல்லை. பேச்சியம்மா என்னை மன்னிப்பதும் மன்னிக்காமல் விடுவதும் அவள் பாடு, அதில் நான் வாய் திறக்க மாட்டேன். நீ பேச்சைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டால் உன்னோடு பத்து நாள் பேச மாட்டேன், பதினோராம் நாள் பேசிவிடுவேன்; அதை நம்பிப் போட்டுவிடாதே. ஆனால் ஒருத்தியின் கை வெந்து ஒட்டிக்கொண்டதைக் கண்ணால் பார்த்த பிறகும், எனக்குச் சொன்ன அதே சொல்லை எடுத்துத் தன் மகள் புருஷனுக்கும் சொல்கிற ஒரு மனுஷன் இருக்கிறார். அவர் இனியும் ஞாயிற்றுக்கிழமை வருவார், நான் சோறு போடுவேன், மோர் கேட்டால் மோரும் ஊற்றுவேன். மன்னிக்க மாட்டேன். கூட்டத்தில் சொல்ல வேண்டியது என்பதால் பேரையும் எழுதுகிறேன். அடிக்கிறவள் அவர் மகளேதான், அவளும் கை நிற்காமல் அடிக்கிறாள்: சண்முகையா.